வெற்று விடாத ஏடு

விடிகாலை ஐந்து மணிக்கே வகுப்பு தொடங்கிவிடும். பத்து மணிக்கு மேல் வெயிலடைப்பு. அதன்பின் தெருவில் நாய்கூட நடக்காது, நடந்தால் நாய்க்கும் அபராதம் என்று பெரம்பலூரில் ஒரு கேலி உண்டு. பள்ளிக்கூடம், கோர்ட்டு, கல்யாணம், கருமாதி எல்லாம் பத்துக்குள் முடிந்தாக வேண்டும். மாலை ஐந்துக்கு மேல்தான் மறுபடி ஊர் கண் திறக்கும். இளம்பிள்ளைத் துணையாளர் பயிற்சி மையமும் அந்தக் கணக்கில்தான் இயங்கியது.

பயிற்றுநர் பெயர் மகிழினி. வயது நாற்பத்தெட்டு. பெயருக்கும் ஆளுக்கும் ஒட்டுறவு விட்டுப்போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. சிடுமூஞ்சி என்று சொல்ல முடியாது. யாரையும் திட்டமாட்டாள், யாரோடும் சிரிக்கவும் மாட்டாள். மின்வாரியத்தில் வேலை பார்த்த அவள் கணவன் குமணன் ஒரு சித்திரை மாதம் கம்பத்திலேயே வெயில் தாக்கி இறந்துபோனான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவள் வேலைக்கு வந்துவிட்டாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்ட அத்தனை பேருக்கும் ஒரே பதில் வைத்திருந்தாள். "பரவால்ல, போகட்டும்." கேட்பவர்களுக்கும் அது வசதியாக இருந்தது. கொஞ்ச நாளில் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

"வீட்டுக்குள்ள போனதும் முதல்ல யார்கிட்ட பேசணும்?" என்று அன்றைக்கும் கேட்டாள்.

"குழந்தைகிட்ட" என்றார்கள் வகுப்பில் இருந்த ஒன்பது பேரும்.

"அம்மா அழுதுக்கிட்டு நின்னா?"

"அப்பவும் குழந்தைகிட்ட."

"எங்க உக்காரணும்?"

"குழந்தையோட கண்ணுக்குக் கீழ. தொடறதுக்கு முன்னாடி சொல்லணும். சொல்லிட்டு அது பதில் சொல்ற வரைக்கும் காத்திருக்கணும்."

பதில் என்றால் மணிக்குரல் சொல்லும் பதில். கை கால் இறுகிய குழந்தைகள், வாய்ப்பேச்சு வராத குழந்தைகள், எல்லோருக்கும் ஒன்றரை வயதில் அரசாங்கமே காதுக்குப் பின்னால் அதை ஒட்டிவிடும். சுண்டைக்காய் அளவுதான். குழந்தையின் மூச்சு, தசை இறுக்கம், கண் போகும் திசை, தொண்டையிலிருந்து வரும் சத்தம் என்று எல்லாவற்றையும் அதன் சென்சார்கள் வாசித்து, கண் இமைக்கும் நேரத்தில் ஒரு சொல்லாக்கி, குழந்தைக் குரலிலேயே சொல்லிவிடும். வந்த புதிதில் அம்மாக்கள் கதறி அழுதிருக்கிறார்கள். பெற்ற பிள்ளை முதன்முதலாக அம்மா என்றால் யார்தான் அழமாட்டார்கள்?

அதையொட்டி ஒரு சட்டமும் வந்தது. குழந்தையின் சொல்லே முதல் சொல். அதற்கு முன்னால் எல்லாவற்றையும் பெரியவர்களே முடிவு செய்தார்கள். குழந்தையின் தலைக்கு மேலாக டாக்டரும் அப்பாவும் பேசிக்கொண்டார்கள். அப்படி வளர்ந்தவர்கள் பெரியவர்களான பிறகு, சக்கர நாற்காலிகளில் தலைமைச் செயலகத்தின் முன்னால் நாற்பது நாள் உட்கார்ந்து வாங்கிய சட்டம் அது. நல்ல சட்டம்தான். மகிழினியும் அப்போது துணையாளராக அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு கூடவே உட்கார்ந்திருந்தாள்.

வகுப்பின் கடைசிப் பாடம் பொருளேடு. மணிக்குரலுக்கு எந்த அசைவுக்கு என்ன பொருள் என்பதைக் கற்றுக்கொடுத்தது மனிதர்கள்தான். துணையாளர் ஒருவர் குழந்தையின் சிறு வீடியோவைப் பார்த்து ஏழு நொடிக்குள் அதன் பொருளை எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஏட்டில் அந்த இடம் 'வெற்று' என்று பதிவாகும். வெற்று அதிகமானால் கெட்ட பெயர். மகிழினியின் ஏட்டில் ஒரு வெற்றுகூடக் கிடையாது. மாவட்டத்திலேயே அப்படி ஒரு ஏடு அது ஒன்றுதான். அதற்காக ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்து, வகுப்பறைச் சுவரில் மாட்டியும் வைத்திருந்தார்கள்.

"வெற்று விடாதீங்க" என்று அவள் ஒவ்வொரு வருடமும் சொல்வாள். "நீங்க வெற்று விட்டா அந்தக் குழந்தை அந்த இடத்துல ஊமையாயிடும்."

அன்று காலை ஏழு மணிக்கு பர்வீனுக்கு வீட்டுத் தேர்வு இருந்தது. பர்வீன் ஒன்பது பேரில் மூத்தவள், மகிழினியைவிட இரண்டே வயது சின்னவள். இருபது வருடம் அரியலூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவள். பஸ்கள் தாமாகவே ஓடி, தாமாகவே டிக்கெட் கொடுக்கத் தொடங்கியதும், வேறு வேலை கற்றுக்கொள் என்று இங்கே அனுப்பிவிட்டார்கள். ஏட்டுத் தேர்வில் அவளுக்கு எப்போதும் கடைசி இடம்தான். ஏழு நொடி அவளுக்குப் போதவே போதாது.

"மேடம், ஒருத்தர் மூஞ்சியப் பாத்து இன்ன ஸ்டாப்புல இறங்குவாருன்னு சொல்லவே எனக்கு ரெண்டு ஸ்டாப் ஆகும்" என்பாள்.

தேர்வு வீடு துறைமங்கலத்தில் மூன்றாவது மாடி. வெண்பா என்ற பெண் கதவைத் திறந்தாள். இருபத்தெட்டு வயது இருக்கும், கண்ணுக்குக் கீழே நாற்பது வயது. உள்ளே இடுப்பு வார் போட்ட நாற்காலியில் நான்கு வயது முகை உட்கார்ந்திருந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, நெற்றியில் பொட்டு வைத்திருந்தது. கால்கள் இரண்டும் கத்தரிக்கோல் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன.

பர்வீன் வெண்பாவைத் தாண்டிப் போய்த் தரையில் உட்கார்ந்தாள். "முகை, நான் பர்வீன். உன்னப் பாக்க வந்திருக்கேன்."

முகையின் கண் மெல்லத் திரும்பியது. மணிக்குரல் உடனே, "வணக்கம்" என்றது. மகிழினி டேப்லெட்டில் மதிப்பெண் போட்டாள். குழந்தையோடு முதலில் பேசியதற்கு ஒன்று. கண்ணுக்குக் கீழே உட்கார்ந்ததற்கு ஒன்று.

பொம்மை காட்டினார்கள், மணிக்குரல் "இன்னும்" என்றது. கதை சொன்னார்கள், "நல்லாருக்கு" என்றது. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு துணி நனைந்துவிட்டதென்று வெண்பா பிள்ளையைப் பாயில் கிடத்தினாள். மாற்றுவதற்காக வலது காலை லேசாக விலக்கினாள். முகையின் மூச்சு நின்றது. விரல்கள் பத்தும் விரிந்தன. கண் கூரையைப் பார்த்தது.

"பரவால்ல, போகட்டும்" என்றது மணிக்குரல்.

பர்வீன் பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையைத் திருப்பி மகிழினியைப் பார்த்தாள்.

"தினமும் இப்படித்தான் மேடம்" என்றாள் வெண்பா. "காலை விரிச்சா மூச்சப் பிடிச்சுக்கறா. எனக்கு என்னமோ வலின்னு தோணுது. மூணு தடவ மனு போட்டேன், ஸ்கேன் எடுங்கன்னு. முப்பது நாள் பேச்சை எடுத்துப் பாத்துட்டு, குழந்தை ஒரு தடவகூட வலின்னு சொல்லலியே, அம்மா சொல்றது ரெண்டாவது சொல்தானேன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

"அவளே சொல்லலன்னா நாம சொல்லக் கூடாது" என்றாள் மகிழினி. வகுப்பில் சொல்லும் அதே குரல்.

"தெரியும் மேடம். சில நேரம் நானே அழுதுடுவேன். அப்பவும் இவதான் எனக்குத் தேறுதல் சொல்லுவா. பரவால்ல, போகட்டும்னு." வெண்பா பிள்ளையின் நெற்றியைத் துடைத்தாள். "அந்த ஒரு வார்த்தையிலதான் மேடம் என் பொழுது ஓடுது."

பர்வீன் எழுந்தாள். முகையிடம், "இப்ப உன் காதைத் தொடப்போறேன்மா" என்றாள். காத்திருந்தாள். மணிக்குரல் "சரி" என்றது. அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

அது குற்றம். குழந்தையின் சொல்லைப் பறிப்பது என்று சட்டத்தில் அதற்குப் பெயர். மகிழினி வாயைத் திறப்பதற்குள் பர்வீன், "இப்ப ஒரு தடவ காலை விலக்குங்க வெண்பா, மெதுவா" என்றாள்.

வெண்பா விலக்கினாள். முகையின் மூச்சு நின்றது. ஏழு நொடி போனது. எட்டு, ஒன்பது, பத்து. பன்னிரண்டாவது நொடியில் குழந்தையின் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பி மெல்ல மெல்ல மேலே வந்தது. சின்னச் சத்தம்தான். அதைக் கேட்டு யாரும் பரவாயில்லை என்று பொருள் எழுதமாட்டார்கள். இத்தனை நாளும் அந்தச் சத்தம் வருவதற்கு முன்பே மணிக்குரல் பேசி முடித்துவிடும். எல்லோரும் சரி என்று காலை நீட்டியோ மடக்கியோ வேலையை முடித்துவிடுவார்கள்.

வெண்பா பதறிப்போய்க் காலைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"அழுத புள்ளதான் பால் குடிக்கும்பாங்க" என்றாள் பர்வீன். "இந்தப் புள்ளைய நாம அழவே விடல."

மகிழினி டேப்லெட்டில் 'தேர்ச்சி இல்லை' என்று குறித்தாள். கை அதுவாகக் குறித்தது.

மையத்துக்குத் திரும்புவதற்கும் வெயிலடைப்புச் சங்கு ஊதுவதற்கும் சரியாக இருந்தது. இனி ஐந்து மணி வரை யாரும் வெளியே போக முடியாது. மற்ற எட்டுப் பேரும் கூடத்தில் பாய் விரித்துப் படுத்துவிட்டார்கள். பர்வீன் டிபன் பாக்ஸைத் திறந்து எலுமிச்சைச் சோற்றில் பாதியை மூடியில் வைத்து மகிழினியின் பக்கம் தள்ளினாள்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? நாலு வயசுப் புள்ள வேணாம்னு சொல்லும். வலிக்குதுன்னு சொல்லும். கெட்ட வார்த்தைகூடச் சொல்லும். பரவால்ல, போகட்டும்னு சொல்லுமா? அது வாழ்ந்து சலிச்ச பொம்பள பேச்சில்லையா?"

மகிழினி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"பஸ்ஸுல டிக்கெட் எடுக்காதவன் மூஞ்சி தனியாத் தெரியும். அது மாதிரி அந்த வார்த்தை மட்டும் அந்தப் புள்ளகிட்ட ஒட்டாம நிக்குது." பர்வீன் குரலைத் தாழ்த்தினாள். "நான் அந்த வார்த்தைய வேற ஒருத்தர் வாயிலதான் கேட்டிருக்கேன். தினமும் கேக்குறேன்."

மகிழினி கை கழுவிவிட்டு வந்து, எல்லா ஏடுகளும் இருக்கும் ஏட்டகத்தை டேப்லெட்டில் திறந்தாள். மணிக்குரல் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் வேர் எங்கே என்று பார்க்க மூத்த துணையாளர்களுக்கு அனுமதி உண்டு. யாரும் பார்ப்பதில்லை. நூறு பேர் எழுதிய ஏடுகளை அரைத்துக் கலக்கித்தான் மணிக்குரலுக்கு ஊட்டினார்கள் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அப்படித்தான் செய்யவும் நினைத்தார்களாம். ஆனால் மற்ற ஏடுகளில் எல்லாம் வெற்று இருந்ததால், கடைசியில் சிக்கலான அசைவுகளுக்கு ஒரே ஒரு ஏட்டைத்தான் மாதிரியாக எடுத்திருக்கிறார்கள். வெற்றே இல்லாத ஏடு அது.

வேர்ச்சொல்: 'பரவாயில்லை, போகட்டும்.' எழுதிய கை: மகிழினி. எழுதிய காலம்: பதினோரு வருடத்துக்கு முன், சித்திரை முதல் பங்குனி வரை. எழுதிய இடங்கள்: ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.

அதில் ஒன்றைத் திறந்தாள். கபிலன் என்ற மூன்று வயதுப் பையன். துணி மாற்றுகிறார்கள். மூச்சு நிற்கிறது, விரல்கள் விரிகின்றன, கண் கூரைக்குப் போகிறது. நான்காவது நொடியில் கீழே எழுத்து ஓடுகிறது. பரவாயில்லை, போகட்டும். அடுத்ததைத் திறந்தாள். அதிலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே.

அந்த வருடம் அவளுக்கு நினைவிருந்தது, அதாவது நினைவில் ஒன்றுமே இல்லை என்பது நினைவிருந்தது. காலையில் வந்து உட்காருவாள். திரையில் ஏதோ ஒரு குழந்தை அசையும். என்ன என்று கேட்டு ஏழு நொடிக் கடிகாரம் ஓடும். யாரோ தன்னைத்தான் எப்படி இருக்கிறாய் என்று கேட்பது போல இருக்கும். விரல் பதில் எழுதிவிடும். ஒருநாள்கூடத் தவறவில்லை, ஒரு வெற்றுகூட விடவில்லை. எப்பேர்ப்பட்ட மன உறுதி என்று ஊரே மெச்சியது.

"இந்தப் பையன் இப்ப எப்படி இருக்கான் மேடம்?" என்று கேட்டாள் பர்வீன்.

"தெரியல" என்றாள் மகிழினி.

அந்தச் சொல்லை அவள் தன் ஏட்டில் ஒரு தடவையும் எழுதியதில்லை. தெரியவில்லை என்று எழுத ஏட்டில் இடமும் கிடையாது.

"இப்ப என்ன செய்ய முடியும்?"

"பொருள் மீட்புன்னு ஒரு வழி இருக்கு. எழுதினவங்களே வந்து, இது குழந்தையோட பொருள் இல்ல, என்னோட பொருள்னு ஒப்புக்கணும். அந்தப் பொருள் எல்லா மணிக்குரல்லேருந்தும் போயிடும். மறுபடி கத்துக்கற வரைக்கும் எந்த மணிக்குரலும் பேசாது. பேசாத காலத்துல அம்மா சொல்றதுதான் முதல் சொல்."

"அப்ப ஸ்கேன் எடுப்பாங்க."

"எடுத்தாகணும்."

"உங்களுக்கு?"

"உரிமம் போயிடும்." அவள் சுவரில் மாட்டியிருந்த பாராட்டுப் பத்திரத்தைப் பார்த்தாள். "மாவட்டத்துல ரெண்டாயிரம் குழந்தைங்க நாளைக்கு வாய் மூடிடும். ரெண்டாயிரம் அம்மா."

மனு போடுங்கள் என்றோ போடாதீர்கள் என்றோ பர்வீன் சொல்லியிருந்தால் மகிழினிக்குச் சுலபமாக இருந்திருக்கும். பர்வீனோ தன் பாட்டுக்குச் சோற்றைச் சாப்பிட்டு முடித்து, மூடியைக் கழுவி வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வெயில் கொதித்தது.

மகிழினி படிவத்தைத் திறந்து கட்டைவிரலை வைத்தாள். உறுதியா என்று திரை கேட்டது. உறுதி என்றாள். அழுகை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. குமணனைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் கிடத்தியபோதும் வரவில்லைதான். வந்தவர்களுக்குக் காபி போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை மாவட்டத்தில் பல வீடுகளில் கூப்பாடு எழுந்தது. பிள்ளை பேசவில்லை என்று மையத்தின் முன்னால் கூட்டம் கூடியது. உங்களுக்கு யார் இந்த அதிகாரம் கொடுத்தது என்று ஒரு தகப்பன் அவள் முகத்துக்கு நேராகவே கேட்டார். பத்து மணிச் சங்கு ஊதி அவர்களைக் கலைத்தது. மகிழினி தன் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு, மேசை இழுப்பறையைக் காலி செய்தாள். இழுப்பறையில் ஒரு சீப்பும் இரண்டு பேனாவும்தான் இருந்தன.

எட்டாம் நாள் பர்வீன் போன் செய்தாள். "இன்னைக்கு ஆறு மணிக்கு முகைக்கு ஸ்கேன். தனியா இருக்கறா வெண்பா. நான் போறேன். நீங்களும் வர்றீங்களா மேடம்?"

ஆஸ்பத்திரி நடையில் பெஞ்சுகள் எல்லாம் நிறைந்திருந்தன. பேசாத மணிக்குரலைக் கழற்றிவிட்டதால், காதுக்குப் பின்னால் வெறும் வட்டத் தழும்போடு பதினைந்து இருபது குழந்தைகள். எல்லாம் அம்மா சொல்லின் பேரில் வந்த மனுக்கள். அங்கே அப்படி ஒரு சத்தம். மணிக்குரல் வந்தபின் இந்த ஊர் ஆஸ்பத்திரி அவ்வளவு சத்தத்தைக் கேட்டதில்லை.

டாக்டர் வெளியே வந்து, சட்டப்படி முதலில் முகையின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "முகை, உன் வலது இடுப்பு எலும்பு குழியிலேருந்து நழுவியிருக்கும்மா. அதைச் சரி பண்ண ஆபரேஷன் வேணும்." பிறகு எழுந்து வெண்பாவிடம் சொன்னார். "ஒன்றரை வருஷமாவது ஆகியிருக்கும். அப்பவே வந்திருந்தா சுலபமா முடிஞ்சிருக்கும். நடக்க வைக்கிறது இனிமே கஷ்டம். வலி இல்லாம உக்கார வைக்கலாம்."

அவர் போன பிறகு வெண்பா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மகிழினி எதிரில் நின்றாள். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை யோசித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"அந்த வார்த்தை நான் எழுதினது வெண்பா. முகை சொன்னது இல்ல."

"பர்வீன் அக்கா சொன்னாங்க." வெண்பா நிமிர்ந்து பார்க்கவில்லை. "போன ஆடியில இவ அப்பா எங்களை விட்டுட்டுப் போயிட்டாரு. நான் இவ பக்கத்துல படுத்து அழுதேன். கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். பரவால்ல, போகட்டும்னா. நாலு வயசுப் புள்ளைக்கு இருக்கற தைரியம் நமக்கு இல்லையேன்னு எழுந்து முகம் கழுவினேன்." பிள்ளையின் முடியை ஒதுக்கிவிட்டாள். "அன்னைக்கு நான் அவ காலு மேல சாஞ்சிருந்தேன் மேடம். இப்பத்தான் ஞாபகம் வருது. அவ காலு மேலதான் சாஞ்சிருந்தேன்."

மகிழினியின் நாக்கு நுனிக்கு அந்த வார்த்தை வந்தது. பதினோரு வருடப் பழக்கம், எதற்கும் அதுதானே வரும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அப்போது முகை ஒரு சத்தம் போட்டாள். யாரும் அவள் காலைத் தொடவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்து, நீளமாக, நடுவில் ஒருமுறை உடைந்து, மறுபடி சேர்ந்து வந்த சத்தம். புது ஏடு எழுத மையம் பர்வீனுக்கும் கொடுத்திருந்த டேப்லெட் அதைப் பிடித்துக்கொண்டு, என்ன பொருள் என்று கேட்டது. கடிகாரம் ஓடத் தொடங்கியது. பர்வீன் அதைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு, தானும் குழந்தையின் கண்ணுக்குக் கீழே உட்கார்ந்தாள்.

மூன்று பெண்களும் அந்தச் சிறு முகத்தையே பார்த்தார்கள். வலியா, கோபமா, பசியா, அம்மாவுக்கு ஏதாவது சொல்கிறாளா, ஒருவருக்கும் தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்க்காமலே ஏழு நொடி போனது மகிழினிக்குத் தெரிந்தது. விரல் துடித்தது. அதை மறு கையால் பிடித்துக்கொண்டாள்.

எட்டாவது நொடியில் மகிழினிக்கு வலித்தது. எங்கே என்று கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. யாரும் கேட்கவில்லை. டேப்லெட் ஒருமுறை அதிர்ந்து, முகையின் ஏட்டில் முதல் வெற்றைப் பதிவு செய்தது.